கிராணி மகளின் தகரப் பெட்டி



ஜாவாவில் ஒரு கரும்பாலை. அங்கே கிராணி வேலை பார்க்கும் ஒருவருக்கு நெடுநாள் ஆசை ஒன்று. ஆலையின் காசாளர் நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்துவிட வேண்டும். சம்பள நாளில் ஊரே தம் முன்னே கைகட்டி நிற்கும் என்பது அவர் கணக்கு. அந்தப் பதவியைக் கொடுக்கக்கூடியவர் ஆலையின் பெரிய துரை. டச்சுக்காரர். துரைக்குக் கொடுப்பதற்குக் கிராணியிடம் என்ன இருக்கிறது? பதினான்கு வயது மகள் இருக்கிறாள். ஒருநாள் அந்தப் பிள்ளையை உடுத்திக்கொள்ளச் சொல்லி, பழைய தகரப் பெட்டி ஒன்றில் அவள் துணிமணிகளைப் போட்டு, துரை பங்களாவுக்கு அழைத்துப்போய் விட்டுவிட்டு வருகிறார். கைக்குக் கிடைத்தது 25 கில்டர் பணம். கூடவே பதவிக்கு வாக்குறுதி.

அந்தப் பெண்ணின் பெயர் சனிக்கெம். பிறகு ஊரார் அவளை ஞாய் ஒந்தோசோரோ என்று அழைத்தார்கள். 'பூமி மனுசியா' என்னும் இந்தோனேசிய நாவலின் உயிர் அவள்தான்.

கிராணி, மண்டோர், பெரிய துரை, சம்பள நாள். இந்தச் சொற்களுக்கு உங்களுக்கு அகராதி வேண்டுமா? வேண்டாம் அல்லவா? ஆனால் இந்த நாவலை ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் ஜெர்மனிலும் படித்தவர்களுக்கு ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் தேடித் தேடிப் படித்தார்கள். எழுதியவருடைய நாட்டில் மட்டும் அது பூட்டிக் கிடந்தது. அந்த விந்தையைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

நாவலாசிரியரின் பெயர் பிரமுத்யா அனந்தா தூர். 1925இல் ஜாவாவின் புளோரா என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். வாத்தியார் பிள்ளை மக்கு என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டே, அதற்கு ஏற்றாற்போல் இவரும் ஆரம்பப் பள்ளியிலேயே வகுப்புகளில் தேங்கித் தேங்கித்தான் வெளியே வந்தார். (என் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவர்களை நான் இப்போதெல்லாம் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.) இந்தோனேசிய விடுதலைப் போரின்போது 1947இல் டச்சுக்காரர்கள் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள். விடுதலை பெற்ற பிறகு நல்ல எழுத்தாளர் என்று பெயர் வந்தது. மொழிபெயர்ப்பும் செய்தார். மக்சீம் கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழில் தந்தவர் தொ.மு.சி. ரகுநாதன். அதே நாவலை இந்தோனேசிய மொழியில் 1956இல் தந்தவர் இவர். பிறர் கதையைத் தம் மக்களுக்குச் சுமந்து வந்தவருடைய கதையைப் பிற்காலத்தில் பிறர் சுமக்க வேண்டி வந்தது.

1965 அக்டோபரில் இந்தோனேசியாவில் ஆட்சி தலைகீழாகத் திரும்பிய நாட்களில் அவர் கைது செய்யப்பட்டார். பிடித்தபோது துப்பாக்கிக் கட்டையால் அடித்த அடியில் காது பழுதாயிற்று. ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களும் குறிப்புகளும் அழிந்தன. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. 1969இல் கிழக்கே இருக்கும் புரு தீவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அந்தத் தீவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல் கைதிகள் காட்டை வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்தார்கள்.

காகிதமும் பேனாவும் முதலில் கிடையாது. ஆகவே அவர் கதையை வாயாலேயே சொன்னார். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்துக் களைத்த மனிதர்கள் மாலையில் சுற்றி உட்கார, கிராணி மகள் சனிக்கெம்மின் கதை அவர்களுக்குக் கிடைத்தது. ஒருவர் கேட்டதை இன்னொரு கொட்டகையில் போய்ச் சொன்னார். பிறகு எழுத அனுமதி வந்தபோது மற்றக் கைதிகள் அவருடைய வேலையைத் தாங்கள் பங்கிட்டுச் செய்து அவரை எழுத வைத்தார்கள். நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. வாயால் சொன்னது 1973, எழுதியது 1975 என்று. கண்ணுக்குப் படாமல் போகக்கூடிய வரி அது. எனக்கு அதில்தான் கண் நின்றது.

1979 டிசம்பரில் விடுதலை. 1980 ஆகஸ்டில் ஜக்கார்த்தாவில் ஹஸ்தா மித்ரா என்னும் பதிப்பகம் நூலை வெளியிட்டது. அதை நடத்தியவர்களே முன்னாள் கைதிகள். அவர்களுள் ஒருவரான யூசுப் இசாக் பத்திரிகையாசிரியராக இருந்து, விசாரணையின்றிப் பல ஆண்டுகள் உள்ளே கிடந்தவர். புத்தகம் மளமளவென்று விற்றது. சில மாதங்களுக்குள் மறுபடி மறுபடி அச்சிட்டார்கள். ஓராண்டு நிறையவில்லை. 1981 மே மாதம் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் தடை உத்தரவு போட்டது. அதன் அடுத்த பாகமான 'அனாக் செமுவா பங்சா'வும் சேர்ந்தே தடைப்பட்டது. கதைக்குள் பொதுவுடைமைக் கொள்கையை மறைத்து வைத்துப் பரப்புகிறார் என்பது குற்றச்சாட்டு. நான் இரண்டு பாகத்தையும் படித்தவள். எந்தப் பக்கத்தில் மறைத்து வைத்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காசாளர் பதவிக்காக மகளை விற்ற கிராணிதான் தெரிகிறார்.

அக்கரையில் புத்தகத்துக்கு வேறு தலைவிதி. முதலில் நம் நாடு. மலாயும் இந்தோனேசிய மொழியும் உடன்பிறந்த மொழிகள். ஆகவே இங்கே மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. கோலாலம்பூரில் விரா கார்யா பதிப்பகம் 1980களில் அவருடைய நாவல்களை வெளியிட்டது. அவருக்கு இங்கே முன்பே வாசகர்கள் உண்டு. விடுதலைப் போரைப் பற்றி அவர் எழுதிய 'கெலுவார்கா கெரில்யா' ஒரு காலத்தில் நம் மேல்வகுப்பு மாணவர்களுக்கு மலாய் இலக்கியப் பாடநூலாக இருந்தது. ஜக்கார்த்தாவில் ஒளித்து வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தாளரைக் கோலாலம்பூரில் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். இங்கே அச்சான பிரதிகள் மலாக்கா நீரிணையைத் தாண்டித் திரும்பிப் போய், அங்கே கைக்குக் கை நகலெடுக்கப்பட்டன.

ஆங்கிலத்தில் வந்தது இன்னும் சுவையான செய்தி. ஜக்கார்த்தாவிலிருந்த ஆஸ்திரேலியத் தூதரகத்தில் மேக்ஸ் லேன் என்னும் இளம் அதிகாரி வேலை பார்த்தார். நாவலைப் படித்தார். பிடித்துப்போயிற்று. அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். தூதரகக்காரர் ஒருவர், அந்த நாட்டு அரசாங்கம் கறுவிக்கொண்டிருக்கும் எழுத்தாளரை மொழிபெயர்க்கலாமா? செய்தி தெரிந்ததும் 1981இல் அவரை ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவர் கையெழுத்துப் பிரதியை விடவில்லை. 1982இல் ஆஸ்திரேலியாவின் பென்குவின் நிறுவனம் அதை வெளியிட்டது. நான்கு பாகங்களையும் அவரே மொழிபெயர்த்து முடித்தபோது 1992 ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும், நாம் அதைப் பார்ப்பதுகூட இல்லை. இந்தப் புத்தகத்தை எடுத்தால் அந்தப் பெயரையும் ஒருமுறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டச்சு மொழியில் 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. எண்ணிப் பாருங்கள். எந்த நாடு அவரை 1947இல் சிறையில் போட்டதோ, எந்த நாட்டுத் துரைமார்களின் அட்டூழியத்தை அவர் எழுதினாரோ, அந்த நாட்டு மக்கள் வாங்கிப் படித்தார்கள். அவர்களுக்கு இதில் முன்பழக்கமும் உண்டு. 1860லேயே மூல்த்தாத்தூலி என்னும் புனைபெயரில் டச்சு அதிகாரி ஒருவர், ஜாவா மக்களைக் கசக்கிப் பிழிந்து காப்பி விளைவித்த கொடுமையை நாவலாக எழுதி ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டிருந்தார். அந்த நூலைப் பற்றிப் பிரமுத்யாவே 1999இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் புகழ்ந்து கட்டுரை எழுதினார். ஆனால் மூல்த்தாத்தூலியின் நூலில் பேசுகிறவர் இரக்கமுள்ள வெள்ளைக்காரர். இதில் பேசுகிறவள் விற்கப்பட்டவளே.

ஜெர்மனியில் 1984இல் வந்தது. ஜப்பானிய மொழியில் 1986இல். பிரெஞ்சு, இன்னும் பல. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள். தலைப்பு படும் பாட்டைக் கேளுங்கள். 'பூமி மனுசியா' என்பதை ஆங்கிலத்தில் 'மனிதகுலத்தின் இந்தப் பூமி' என்று ஆக்கினார்கள். ஜெர்மானியர் 'மானுடத்தின் தோட்டம்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் 'மனிதர்களின் உலகம்' என்றார்கள். நமக்கோ மூலத் தலைப்பை அப்படியே வாசித்தாலே போதும். பூமியும் தெரியும், மனுசனும் தெரியும். வடமொழி இரு வீட்டுக்கும் கொடுத்துவிட்டுப் போன சொற்கள் அவை.

எல்லாம் இப்படிச் சுலபமாக இல்லை. கதையைச் சொல்லும் இளைஞன் பெயர் மிங்கே. அது அவன் பெற்றோர் வைத்த பெயரன்று. ஆரம்பப் பள்ளியில் டச்சு வாத்தியார் ஒருவர் கோபத்தில் அவனை ஆங்கிலத்தில் குரங்கு என்று திட்ட வாயெடுத்து, பாதியில் விழுங்கி, 'மிங்கே' என்று முடித்தார். பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் பிறகு ஆங்கிலம் படித்தபோதுதான் அதன் பொருள் விளங்குகிறது. இந்தோனேசிய வாசகருக்கு அது கொஞ்சம் தாமதித்துச் சுடும். ஆங்கில வாசகருக்கோ பார்த்தவுடனே பல்லிளித்துவிடும். மொழிபெயர்ப்பில் எதுவும் கூட்டாமல் குறைக்காமலேயே சுவை மாறிப்போகிறது. ஒரு வாத்தியாரின் வாயிலிருந்து தவறி விழுந்த சொல் ஒருவனுடைய ஆயுள் முழுதும் வருகிறதே என்று எனக்கு வேறு உறுத்தல்.

ஒந்தோசோரோவும் அப்படித்தான். துரை நடத்திய பால்பண்ணையின் டச்சுப் பெயர் பாய்ட்டன்சோர்க். கவலையற்ற இடம் என்று பொருளாம். ஜாவா மக்களின் நாக்கு அதை ஒந்தோசோரோ ஆக்கிவிட்டது. நம் பாட்டன்மார் தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களைப் படுத்திய பாடு நினைவுக்கு வருகிறதா? சொந்தக்காரத் துரை வந்து கேட்டால்கூடத் தம்முடைய தோட்டம் என்று அடையாளம் தெரியாது. அந்தச் சிரிப்பு ஜப்பானிலோ ஜெர்மனியிலோ விளக்கம் போட்டால்தான் விளங்கும்.

'ஞாய்' என்ற சொல்லுக்கும் இணை கிடைக்காது. பழைய ஜாவாவில் வெள்ளைக்காரரோடு தாலிக்கும் பதிவுக்கும் இடமில்லாமல் குடித்தனம் நடத்த நேர்ந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு அந்தப் பெயர். மனைவி என்றால் பொய். வேலைக்காரி என்றாலும் பொய். மற்றச் சொல்லை எழுத எனக்கு மனமில்லை. மேக்ஸ் லேன் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டார். நல்ல காரியம் செய்தார். நம் சங்கப் பாடல்களிலும் 'ஞாய்' வரும், உன் தாய் என்ற பொருளில். ஒலிதான் ஒன்று, உறவு எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு அந்தச் சொல்லை நாவலில் பார்க்கும்போதெல்லாம் தாய் என்றே படிக்கத் தோன்றும்.

இன்னொன்று. ஜாவா மொழியில் பெரியவரிடம் பேச ஒரு மொழி, சமமானவரிடம் பேச ஒரு மொழி என்று படிப்படியாக உண்டு. டச்சுப் பள்ளியில் படித்துத் தலைநிமிர்ந்த மிங்கே, மாவட்ட அதிகாரியின் முன்னே தரையில் தவழ்ந்து போய் உயர்ந்த ஜாவா மொழியில் பேச வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரி வேறு யாருமல்லர், அவனுடைய தந்தையே. உடம்பு கூசுகிறது அவனுக்கு. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ஒரு சொல்தான். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று, இப்போது தாழ்ந்து பேசினான், இப்போது உயர்ந்து பேசினான் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. நீ, நீர், நீங்கள், ஐயா, துரை, சாமி என்று நம்மிடம் ஏணியே இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய ஏணியா என்பது வேறு பேச்சு. பிரமுத்யா ஜாவாக்காரராக இருந்தும் ஏணியில்லாத மலாயில், அதாவது இந்தோனேசிய மொழியில், எழுதினார். இரண்டாம் பாகத்தில் இதுவே ஒரு சண்டையாக வருகிறது. டச்சு மொழியில் எழுதிப் பேர் வாங்கும் மிங்கேயைப் பார்த்து நண்பர், உன் மக்கள் படிக்கும் மலாயில் எழுது என்கிறார். அவனுக்குக் கோபம் பொங்குகிறது. சாதாரண மொழியில் எழுதினால் தன் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிறான். வீட்டில் தமிழ் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும்.

இவ்வளவும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இனி நான் கண்டதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில், என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கிறாள், மலாய்ப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் மாலையில் வாசலில் உட்கார்ந்து படிப்பதைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்தார். நாற்பது வருடம் பால் வெட்டியவர். "என்னா டீச்சர், கத புக்கா? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். மறுநாள் இரண்டு பேர் கூடினார்கள். அடுத்த வாரம் ஆறு பேர். மலாயைக் கண்ணால் படித்துத் தமிழை வாயால் சொன்னேன். ஆசிரியர் பயிற்சியில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது. முதல் நாளே ஒன்று கற்றுக்கொண்டேன். நான் 'எழுத்தர்' என்று சொன்னபோது முகங்கள் சும்மா இருந்தன. 'கிராணி' என்று மாற்றியதும் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மகளைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் யாரும் பேசவில்லை. பிறகு பாட்டிதான் மெல்லச் சொன்னார். "எங்க சின்னம்மா காலத்துல இப்படித்தான் டீச்சர். துரை வெட்டு பாக்க வர்றாருன்னு தெரிஞ்சா, வயசுப் புள்ளைங்கள உள் நெரைக்கு மாத்தி விட்ருவாங்க. கேட்டா காய்ச்சல்னு சொல்லிருவாங்க." இதை அவருடைய மகளே அன்றுதான் முதன்முதல் கேட்டாராம். "ஏம்மா இத்தன நாளா சொல்லல?" என்றதற்கு, "யாரு கேட்டீங்க?" என்றார் பாட்டி.

பெரிய விவாதம் பிறகு வந்தது. துரை வீட்டில் சனிக்கெம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள். டச்சு பேசுகிறாள். பண்ணையையே நடத்துகிறாள். ஒருநாள் தாயும் தகப்பனும் பார்க்க வருகிறார்கள். அவள் முகம் கொடுக்கவில்லை. விற்றவர்களுக்கு விற்ற பொருளிடம் என்ன வேலை என்று இருந்துவிடுகிறாள். வெளிநாட்டு விமரிசகர்கள் பலர் இந்த இடத்தைக் காலனி ஆட்சியின் கொடுமை, பெண்ணின் தன்மானம் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாசலில் பேச்சு அப்படிப் போகவில்லை. "தகப்பன் மேல கோவம் நியாயம். ஆத்தா என்னா செஞ்சா? அவளும் அழுதாதானே?" என்றார் ஒருவர். "அழுதா போதுமா? வாசப்படில குறுக்கப் படுத்திருக்கணும்" என்றார் இன்னொருவர், மூன்று பெண்களைப் பெற்றவர். "படுத்தா மிதிச்சிட்டுப் போவான் புருசன்" என்றார் முதலாமவர். இருட்டி வெகுநேரம் வரை ஓயவில்லை. இரண்டு வீட்டில் அன்று சோறு தாமதம். எந்த வீட்டுப் பழைய கணக்கு எந்தப் பேச்சுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் எழுத மாட்டேன்.

கதையின் முடிவில் துரையின் மகள், ஞாய் பெற்றெடுத்த அன்னெலீஸ், மிங்கேயை முறைப்படி மணக்கிறாள். துரை இறந்த பிறகு வெள்ளைக்காரர் நீதிமன்றம் குறுக்கே வருகிறது. தகப்பன் தன் பிள்ளை என்று எழுதிக் கொடுத்திருந்ததால் சட்டப்படி அவள் வெள்ளைக்காரி. பெற்றவளுக்குத் தாய் என்ற உரிமை இல்லை. நடந்த கல்யாணமும் செல்லாது. ஹாலந்துக்குக் கப்பலேற்ற வேண்டும் என்று தீர்ப்பு. புறப்படும்போது அந்தப் பெண் தாயிடம் கேட்பது என்ன தெரியுமா? தாய் ஒருகாலத்தில் வீட்டைவிட்டு எடுத்து வந்த அதே தகரப் பெட்டியை.

நான் இதை ஒரு பரிதாபக் காட்சியாகச் சொல்லி முடிக்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அங்கிருந்த இளம் தாய் ஒருத்தி பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "டீச்சர், பெத்தவ எதிர நிக்கிறா. அப்புறம் எதுக்குப் பேப்பரு?" என்று கேட்டாள். கல்யாணத்தைப் பதியாமல் விட்டதால் அவள் மூத்த பிள்ளைக்குப் பத்திரம் சரியாக அமையாமல், அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அவள் நடையாய் நடக்கிறாள். அந்தப் பிள்ளை பள்ளியில் சேர்ந்ததே பெரும்பாடு. ஹாலந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பக்கங்களைப் படித்தவர்கள் நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று படித்திருப்பார்கள். அவளுக்கு அது போன செவ்வாய்க்கிழமை நடந்தது.

அவர் நாட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தடை நீடித்தது. மூன்றாம் நான்காம் பாகங்களும் வெளிவந்து தடைப்பட்டன. 1980களின் கடைசியில் யோக்யாகார்த்தாவில் இந்த நாவல்களை விற்ற, பரப்பிய மாணவர்களுக்கு ஏழு, எட்டு ஆண்டுகள் என்று சிறைத் தண்டனை கிடைத்தது. 1995இல் மணிலாவின் ராமோன் மக்சைசை விருது பிரமுத்யாவுக்கு அறிவிக்கப்பட்டபோது, நாட்டைவிட்டு வெளியே போக அனுமதியில்லாததால் அவர் மனைவி போய் வாங்கி வந்தார். அந்த விருது சண்டையில்லாமல் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1960களில் பிரமுத்யா பலமாக இருந்த காலத்தில், தம்மோடு ஒத்துப்போகாத எழுத்தாளர்களைப் பத்திரிகையில் கடுமையாகத் தாக்கியவர். அதை மறக்காத மோக்தார் லூபிஸ் என்னும் மூத்த எழுத்தாளர், தாம் 1958இல் பெற்ற அதே விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிறைப்பட்டவர் என்பதாலேயே வெளிநாட்டார் அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள் என்ற முணுமுணுப்பு உண்டு. கொஞ்சம் உண்மையும் அதில் இருக்கலாம். ஆனால் கிராணி மகளைச் சிறைவாசம் எழுதவில்லை, அவர்தான் எழுதினார்.

1998 மே மாதம் சுகார்த்தோ பதவி விலகிய பிறகு புத்தகங்கள் வெளிப்படையாகக் கடைக்கு வந்தன. 1999இல் அவர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார். மிச்சிகன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை பேசப்பட்டது. கிடைக்கவில்லை. 2006 ஏப்ரலில் ஜக்கார்த்தாவில் காலமானார். 2019இல் 'பூமி மனுசியா' இந்தோனேசியாவிலேயே திரைப்படமாக வெளிவந்தது.

படத்தைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் கிழக்கு ஜாவாக்காரப் பெண்மணி ஒருவர். கடையில் என் கையில் இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையல்லவா?" என்று மலாயில் கேட்டார். படம் பார்த்திருக்கிறார், புத்தகத்தைத் தொட்டதில்லை. அவர் பள்ளிக்குப் போன காலத்தில் இந்த ஆசிரியரின் பெயரை எந்த வாத்தியாரும் சொன்னதில்லையாம். இரவல் கேட்டார். கொடுத்தேன். அடுத்த நாட்டுக்குப் பிழைக்க வந்த இடத்தில், அடுத்த நாட்டு வாத்தியார் கையிலிருந்து, தன் ஊர்க் கதையை வாங்கிக்கொண்டு போனார். அட்டை பிய்ந்து திரும்பி வந்தது. பல பேர் கை மாறியிருக்கிறது போலும்.

உங்கள் வீட்டில் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த நாவலைப் படித்துச் சொல்லச் சொல்லலாம். தேசிய மொழி போதும். சில இந்தோனேசியச் சொற்கள் இடறும், கதையோட்டத்தில் தானே விளங்கிவிடும். நூலகத்தில் இல்லையென்றால் எழுதிக் கேட்டால் வரவழைப்பார்கள்.

நாங்கள் இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறோம். அதே கரும்பாலை, அதே குடும்பம். சனிக்கெம்மின் அண்ணன் இப்போது அங்கே காசாளர். புதிதாக வந்த துரை அவருடைய மகள் சுராத்தியைக் கேட்கிறான். தகப்பன் கொடுக்காவிட்டால் வேலை போகும். பக்கத்துக் கிராமத்தில் அம்மை நோய் பரவி, சிப்பாய்கள் யாரையும் உள்ளே விடாமல் வளைத்து நிற்கிறார்கள். சுராத்தி துரை பங்களாவுக்குப் போகும் வழியில் இரவோடு இரவாக அந்தக் கிராமத்துக்குள் நுழைகிறாள். எதற்காகப் போகிறாள் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. மூன்று நாளாக மழை, வாசலில் உட்கார முடியவில்லை. பாட்டி மட்டும் குடையோடு வந்து சன்னல் பக்கம் நின்று, "அந்தப் புள்ள என்னா ஆனா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.